கோட்டுப் பாறையில் முழங்கால் தண்ணீர்

"முழங்காலுக்கு மேல தண்ணி படக்கூடாது சாமி. கையடிச்சுச் சொல்லு" என்றார் அந்தம்மா.

அடித்துச் சொன்னேன். அடிக்கும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். உள்ளங்கை சுரீரென்றது. அவர் என் கையைச் சட்டென்று விடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். நான் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் என் கூட்டாளியின் தாயார். பரமத்தி வேலூரில், பள்ளிவாசலுக்குப் பின்னால் அவர்கள் வீடு. துண்டும் வேட்டியும் வாங்கிச் சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்கிற குடும்பம். கூட்டாளியை நாங்கள் ராவுத்தன் என்றே கூப்பிடுவோம்; அவன் எங்களைக் கூப்பிட்டதை எழுத முடியாது. நான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற வேலையில் இருந்தேன். மூன்றாவது ஆள் பரிசல்காரன். வேலூர்த் துறையில் பரிசல் போடுவது அவன் குடும்பம்தான். மூன்று பேருக்கும் வயசு இருபதுக்கு முன்னே பின்னே. மேட்டூரில் அணை கட்டி முடித்து இரண்டு வருஷம் போல ஆகியிருந்தது.

ராவுத்தனின் தகப்பனார், அவன் அத்தா என்று கூப்பிடுகிறவர், பெருவெள்ளம் வந்த வருஷம், புகளூர்ப் பக்கமிருந்து ஆறு தாண்டி வரும்போது பரிசல் கவிழ்ந்து போனவர். நல்ல நீச்சல்காரர் என்று ஊரே சொல்லும். ஆனால் துணி மூட்டை ஆற்றோடு போய்விடக் கூடாது என்று அதைக் கயிற்றால் தன் இடுப்போடு கட்டியிருந்தாராம். காய்ந்த துணி மிதக்கும், நனைந்த துணி இழுக்கும். மூட்டை அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. புதைக்க மையத்துகூடக் கிடைக்கவில்லை. போய் நிற்பதற்கு ஒரு கபுர் இல்லை. அப்போது ராவுத்தனுக்கு ஏழெட்டு வயசு. அன்றிலிருந்து அந்தம்மா பையனை ஆற்றுப் பக்கம் விட்டதில்லை. ஆற்றங்கரையில் பிறந்து நீச்சல் தெரியாமல் மீசை முளைத்தவன் எங்கள் ஊரில் அவன் ஒருவன்தான்.

அவனுக்கு ஆசை காட்டியது பரிசல்காரன். கொடுமுடிக்கும் நொய்யல் வந்து சேருகிற இடத்துக்கும் நடுவே ஆற்றில் ஒரு பாறை இருக்கிறது. கோட்டுப் பாறை என்பார்கள் பரிசல்காரர்கள். எந்த வருஷம் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்ததோ அந்த உயரத்தில், தண்ணீர் வடிந்த பிறகு, அவர்களில் ஒருவர் போய் உளி வைத்து ஒரு கோடு வெட்டிவிட்டு வருவார். தலைமுறை தலைமுறையாக வெட்டிய கோடுகள். பெருவெள்ளத்துக்கும் ஒன்று இருந்தது.

"அதப் பாக்கோணும்" என்றான் ராவுத்தன். "தொட்டுப் பாக்கோணும். எங்கத்தாவ எடுத்துட்டுப் போன தண்ணி எவ்வளவு ஒசரம்னு எனக்குத் தெரியோணும்."

அது வெறும் வேடிக்கை ஆசை இல்லை என்று அவன் குரலிலேயே தெரிந்தது. அதனால்தான் நான் பொய்க்கு உடன்பட்டேன். பரிசல்காரன் தன் பரிசலுக்குப் புதுத் தோல் போட ஜேடர்பாளையத்தில் விட்டிருந்தான். அதை எடுத்து ஆற்று வழியாகவே வேலூருக்குக் கொண்டுவர வேண்டும். மூவரும் விடியலில் வாய்க்கால் கரையோடு நடந்துபோய், பரிசலில் திரும்புவது, வழியில் பாறையைப் பார்ப்பது என்று பேச்சு. அந்தம்மாவிடம் பாதியை மட்டும் சொன்னோம். ஜேடர்பாளையத்துப் பழைய அணையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றோம். மீதிப் பாதிக்குத்தான் நான் கையடித்துக் கொடுத்தேன்.

பாதிச் சொல்லு பழுதைக் கயிறு என்று கொடிக்காலில் ஒரு கிழவி சொல்லுவாள். வைக்கோல் பிரி கட்டும்போது கயிறு மாதிரித்தான் இருக்கும், இழுக்கும்போது தெரியும்.

வாய்க்கால் கரையில் நடந்துபோகும்போது எனக்குப் பேச்சே வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம்.

"ஏண்டா, வாயில வெத்தல வெச்சிருக்கறயா?" என்றான் ராவுத்தன்.

"அவங்கம்மாவுக்குக் குடுத்த சத்தியம் அவனுக்குத் தொண்டையில நிக்குது" என்றான் பரிசல்காரன்.

"எங்கம்மாவுக்கு. அவங்கம்மாவுக்கு இல்ல."

"சத்தியம் யாரு அம்மாவுக்குக் குடுத்தா என்ன, நிக்கறது இவன் தொண்டையிலதான?"

அந்த வாய்க்கால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். நேராக வெட்டினால் பாதித் தூரம்தான். ஏன் இப்படி என்று ராவுத்தன் கேட்டான். அந்தக் காலத்துப் பாளையக்காரர் ஒருவர் வெட்டச் சொன்னாராம். வெட்டினவர்கள் வெயிலுக்குப் பயந்து மர நிழல் போன பக்கமெல்லாம் வெட்டிக்கொண்டு போனார்களாம். பரிசல்காரன் சொன்ன சரித்திரம் இது. அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஜேடர்பாளையத்தில் அணையின் கற்களைக் காட்டி, அவை அடுக்கப்பட்ட காலத்தில் தன் பாட்டனுக்குப் பாட்டன் அங்கே பரிசல் போட்டுக்கொண்டிருந்தார் என்றான்.

"உன்ற பாட்டனுக்குப் பாட்டன் எல்லாக் காலத்துலயும் பரிசல் போட்டிருக்காரு" என்றான் ராவுத்தன். "காவேரி பொறந்தப்பவும் கூடவே துடுப்போட பொறந்திருப்பாரு."

"பின்ன? பரிசல் இல்லாம காவேரி எப்படி இக்கரைக்கு வரும்?"

பரிசல் தயாராக இருந்தது. மூங்கில் வட்டக் கூட்டின்மேல் புது எருமைத்தோல் இழுத்துத் தைத்து, எண்ணெய் பூசி, பத்தடி தூரத்துக்கு வாடை அடித்தது. தைத்துக் கொடுத்தவர் ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னார். புதுத் தோல், ஒரேயடியாக ஊற விடாதீர்கள், நடுவில் ஓரிடத்தில் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுக் காய வையுங்கள், இல்லாவிட்டால் தையல் இளகும் என்றார். அது எப்படியும் கோட்டுப் பாறையில் செய்யப் போவதுதான் என்றான் பரிசல்காரன்.

நாங்கள் பரிசலைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஊருக்குள் தமுக்குச் சத்தம் கேட்டது. டண்டண் என்று அடிப்பதும் நிறுத்துவதும், யாரோ எதையோ கத்திச் சொல்வதும், மறுபடி அடிப்பதும். சொல்வது என்னவென்று தூரத்தில் பிடிபடவில்லை.

"என்னது அது?" என்றேன்.

"கோயில்ல நோம்பி சாட்டறாங்க" என்றான் பரிசல்காரன்.

"ஆனி மாசத்துல என்ன நோம்பி?" என்றான் ராவுத்தன்.

"மாரியாத்தாளுக்கு நீ மாசம் சொல்லிக் குடு. மழை இல்லீன்னா சாட்ட வேண்டியதுதான்."

அந்தச் சத்தத்தைப் பற்றி அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. ஊரில் தமுக்கு அடித்தால் நோம்பி, அம்மை, மாட்டுச் சந்தை, வரி என்று நாலைந்து காரணம்தான் எங்களுக்குத் தெரியும்.

ஏறுவதற்கு முன்னால் பரிசல்காரன் ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தான். உள்ளங்கை ரேகை தெரிந்தது. வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினான். அவன் வீட்டில் ஒரு சொல் உண்டு, அதைத் துறையில் எல்லாரும் கேட்டிருப்போம்: ஆறு செவந்தா மேடு ஏறு, ஆறு தெளிஞ்சா பாய் போடு. மலையில் மழை பெய்தால் முதலில் செம்மண் கரைந்த தண்ணீர் வரும். நுரை வரும், வைக்கோலும் சருகும் வரும். அதற்குப் பிறகுதான் வெள்ளம் வரும். சொல்லிவிட்டுத்தான் வரும். அன்று ஆறு கண்ணாடி.

"பாய் போட்டுப் படுத்துக்கலாம்" என்றான்.

நான் பரிசலின் நடுவில் உட்கார்ந்தேன். ராவுத்தன் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே குந்தியிருந்தான். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒரு சுற்றுச் சுற்றித்தான் நேராகும். முதல் சுற்றிலேயே அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ராவுத்தரே, பரிசல அவ்வளவு அழுத்திப் புடிக்காதீங். அது எங்கயும் போகாது" என்றான் பரிசல்காரன்.

"நான் புடிச்சிருக்கறது பரிசல இல்லடா. உசுர."

போகப் போக அவனுக்குப் பயம் கொஞ்சம் தெளிந்தது. எனக்குத்தான் தெளியவில்லை. அடியில் மணல் தெரிகிற இடத்தில் மூச்சு விட்டேன். பச்சையாக இருண்ட இடத்தில் மூச்சைப் பிடித்தேன். ஒவ்வொரு மடுவிலும் அது எத்தனை முழங்கால் ஆழம் என்று மனசு அளந்துகொண்டே வந்தது. துடுப்பை வாங்கிக் கொஞ்ச தூரம் நான் போட்டேன், கை வேலையாக இருந்தால் நெஞ்சு அடங்கும் என்று. பரிசல் மூன்று சுற்றுச் சுற்றியது. பரிசல்காரன் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டான்.

கொடுமுடிக் கோபுரம் தெரிந்த பிறகு ஒரு துறையைக் காட்டி, மைசூர்ச் சிப்பாய்கள் குதிரைகளோடு இறங்கின இடம் இது என்றான். ஒரு பரிசலில் குதிரை நிற்காது என்று மூன்று பரிசலைச் சேர்த்துக் கட்டினார்களாம். குதிரையின் கண்ணைத் துணியால் கட்டி ஏற்றினார்களாம்.

"நீ பாத்தியா?" என்றான் ராவுத்தன்.

"உன்ற தாத்தா கண்ணாலத்த நீ பாத்தியா? நடக்காமயா நீ வந்த?"

ராவுத்தன் சிரித்தான். பிறகு, "குதிரைக்குக் கண்ணக் கட்டுனது நல்ல யோசனை" என்றான். "எனக்கும் கட்டியிருக்கலாம்."

உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் கோட்டுப் பாறை வந்தது. ஆற்று நடுவில் நீளமான மணல் திட்டு. அதன் தலைமாட்டில் பாறை. நெஞ்சளவு உயரத்தில் நாலு பேர் நிற்கிற மாதிரி ஒரு தட்டு, அந்தத் தட்டின்மேல் சுவர் போலச் செங்குத்தாக இன்னொரு பாறை. மூன்று ஆள் உயரம் இருக்கும், வழவழவென்று, ஏறப் பிடிமானம் கிடையாது. அந்தச் சுவரில்தான் கோடுகள். பரிசலை மணலில் இழுத்துக் கவிழ்த்துப் போட்டோம். கட்டவில்லை. தெளிந்த ஆற்றில், காயப் போட்ட பரிசலை யாரும் கட்டுவதில்லை. துடுப்பை எடுத்துக்கொண்டு தட்டின்மேல் ஏறினோம்.

முதல் கோடு என் மார்புக்கு நேராக இருந்தது. விரல் நுழைகிற ஆழம்.

"இது சும்மா ஆடி வெள்ளம்" என்றான் பரிசல்காரன். "வருசா வருசம் வாரது. அணை கட்டுனதுக்கு முன்னால."

அதற்கு மேலே தலை உயரத்தில் இரண்டு. அதற்கும் மேலே ஒன்று, அதன் பக்கத்தில் மீன் போல ஏதோ கீறியிருந்தது. எந்த வருஷம் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததை ஒத்துக்கொண்டது அன்றைக்கு அது ஒன்றுதான். இவை எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு ஆள் உயரத்தில், தனியாக ஒரு கோடு. மற்றவை கறுத்துப் போயிருந்தன. இது மட்டும் இன்னும் வெளுப்பு மாறாமல் இருந்தது.

ராவுத்தன் அதை அண்ணாந்து பார்த்தான். சுற்றிலும் பார்த்தான். அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் இரண்டு கரையிலும் எதெது முழுகியிருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பான். தென்னை மரங்களைப் பார்த்தான்.

"அவ்வளவா?" என்றான்.

கையை நீட்டினான். எட்டவில்லை. குதித்தான். எட்டவில்லை. நான் குனிந்தேன். என் தோளில் ஏறி நின்றான். நான் பாறையில் இரண்டு கையையும் ஊன்றி மெல்ல நிமிர்ந்தேன். அவன் சாய்ந்து விழாமல் பரிசல்காரன் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டான். என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் பாறை, வேறெதுவும் தெரியவில்லை.

"எட்டுதா?"

"விரல் பட்டுருச்சு."

அவன் விரலை எடுக்கவில்லை. வாய்க்குள் ஓத ஆரம்பித்தான். அவன் அத்தாவுக்காக ஓதுகிறான் என்று புரிந்தது. என் தோள் நடுங்கியது, அசையாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்று பேரும் முதுகை ஆற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றோம்.

பரிசல்காரன்தான் முதலில் சொன்னான். "என்னமோ சத்தம் நின்னுபோச்சு."

திட்டின் ஓரத்தில் கூழாங்கற்கள்மேல் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்ததால் அது ஒரு சத்தமாகவே தோன்றவில்லை. இப்போது இல்லை. திரும்பிப் பார்த்தால் கூழாங்கற்கள் இல்லை. திட்டில் பாதி இல்லை. கவிழ்த்துப் போட்ட பரிசல், ஆமை எழுந்து நடக்கிற மாதிரி, மணலைவிட்டு மெல்லத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது.

பரிசல்காரன் உடனே குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நுரை இல்லை, சருகு இல்லை, செம்மண் இல்லை. அடி மணல் தெரிகிற தண்ணீர்.

"செவக்கலியே" என்றான். "செவக்கவே இல்லியே."

"டேய், பரிசலு போகுது" என்று கத்தினேன்.

அப்போதுதான் அவனுக்கு உணர்வு வந்தது. பாய்ந்தான். "பாறைய உட்டு எறங்காதீங்" என்று நீந்திக்கொண்டே சொன்னது கேட்டது. பரிசலும் அதற்குப் பின்னால் அவன் தலையும் வளைவில் மறைந்தன. துடுப்பு என் காலடியில் கிடந்தது.

தண்ணீர் ஏறியது. வேகமாக இல்லை, சத்தமாகவும் இல்லை. திட்டு முழுக்க மறைந்தது. தட்டின் விளிம்பைத் தொட்டது. பிறகு எங்கள் கால் விரலைத் தொட்டது.

நான் தலையில் கட்டியிருந்த உருமாலை அவிழ்த்தேன். "வா, ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிக்கலாம்" என்றேன்.

அவன் பின்வாங்கினான். தட்டில் பின்வாங்க இடமும் இல்லை. "வேண்டாம்."

"உனக்கு நீச்சல் தெரியாதுடா."

"எங்கத்தாவுக்குத் தெரியும். கட்டுனதுதான் கொன்னுச்சு. கட்டாத. என்னையும் கட்டாத, உன்னையும் எங்கூடக் கட்டாத."

உருமாலை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எனக்குத் தோன்றியது முதல் கோடுதான். ஆடி வெள்ளத்துக்கு வெட்டின கோடு. அதில் விரலை நுழைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்தான். நான் அவனுக்கு மேல்பக்கமாக, தண்ணீர் வருகிற திசையில் நின்று பிடித்துக்கொண்டேன். விரலுக்கு நல்ல பிடிமானம். யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ உளியை ஆழமாக இறக்கியிருந்தார்.

ஆனால் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் இன்னொன்று உறைத்தது. சும்மா ஆடி வெள்ளம் என்று அவன் சொன்ன கோடே எங்கள் மார்புக்கு நேரே இருக்கிறது. மற்றக் கோடுகள் எல்லாம் எங்கள் தலை உயரத்திலும் அதற்கு மேலேயும். இந்தப் பாறைக்குத் தெரிந்த வெள்ளத்தில் ஒன்றுகூட எங்களை இங்கே நிற்க விடாது. நான் மேலே பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அவனும் அதையே நினைத்திருக்க வேண்டும், மேலே பார்க்கவில்லை.

கணுக்கால். கெண்டைக்கால்.

"உனக்கு நீச்சல் தெரியுமில்ல" என்றான். "நீ போ."

"எனக்குத் தெரிஞ்சது வாய்க்கா நீச்சலு. இதுல போனா உங்கத்தாவப் பாத்துட்டுத்தான் வருவேன்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கோபப்படவில்லை. "பாத்தா மூட்டைய அவுத்து உடச் சொல்லு" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது கால் வழுக்கியது. சிரிப்பை நிறுத்தினோம்.

பாறைச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல்கடை மேலே, வெள்ளை நரம்பு ஒன்று ஓடியது. நான் அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று விரல்கடை ஆயிற்று. இரண்டு ஆயிற்று. அந்தம்மா என் கையைப் பிடித்திருந்த சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிற மாதிரி இருந்தது. அவரிடம் போய் என்ன சொல்வது என்று வார்த்தை தேடினேன். ஊருக்கெல்லாம் சொலவடை சொல்கிறவன் நான். அதற்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அவன் கால் விரல்கள் பாறையைக் கவ்விப் பிடித்திருந்தது மேலிருந்து தெரிந்தது. கலங்கலாக இருந்திருந்தால் தேவலை.

வெள்ளை நரம்புக்கு ஒரு விரல்கடை கீழே தண்ணீர் நின்றது.

நின்றது என்று நம்ப எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஆற்றில் வெள்ளம் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். இது இரண்டும் செய்யவில்லை. யாரோ அளந்து ஊற்றின மாதிரி அதே இடத்தில் நின்றது. என் முழங்காலைப் பார்த்தேன். முழங்கால் சில்லின் அடி விளிம்பில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது.

"டேய்" என்றேன். "முழங்காலு."

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவன் என்னைவிட ஒரு விரல்கடை உயரம். கண்ணை மூடிக்கொண்டான்.

பொழுது சாயத் தொடங்கின பிறகு, மேல்பக்கத்திலிருந்து பரிசல் வந்தது. எதிர்த்துப் போட முடியாது என்று, பரிசல்காரன் வெகுதூரம் கீழே அதைப் பிடித்துக் கரையேறி, தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு, பாறைக்கு மேலே வரைக்கும் கரையோடு நடந்து வந்து இறக்கியிருக்கிறான். துடுப்பு எங்களிடம் இருந்ததால் ஒரு பனைமட்டையால் தள்ளிக்கொண்டு வந்தான். புதுத் தோல் ஊறிக் கனத்து, அவன் நெற்றியில் அதன் விளிம்பு பதிந்த தடம் சிவந்திருந்தது.

எங்களைப் பார்த்ததும் முதலில் அவன் வாயில் வந்தது, "ஆறு தெளிஞ்சிருந்துச்சுங்கடா" என்பதுதான். ஏற்றிக்கொண்ட பிறகு இன்னொரு முறை சொன்னான். நொய்யல் முகத்தைத் தாண்டும்போது மறுபடியும் சொன்னான். கரையில் உழுதுகொண்டிருந்தவர்கள் அவனிடம் கேட்டார்களாம்: மேட்டூரில் தஞ்சாவூர்ச் சீமைக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கரையோர ஊரிலெல்லாம் காலையில் தமுக்கு அடித்தார்களே, உன் காதில் விழவில்லையா என்று.

"நோம்பின்னு நெனைச்சேன்" என்றான். "தண்ணி வருதுன்னு மனுசன் தமுக்கடிச்சு நான் கேட்டதில்ல. எங்க ஊட்டுல யாருமே கேட்டதில்ல."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அணை மண்ணையும் சருகையும் தன்னிடம் நிறுத்திக்கொண்டு தண்ணீரை மட்டும் விடுகிறது. அவன் முன்னோர் சேர்த்துவைத்த சொல் பொய்யில்லை; அந்தச் சொல் எந்த ஆற்றுக்குச் சொன்னதோ அந்த ஆறு மாறிவிட்டது. இதை எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. துடுப்பை அவனிடம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.

வேலூர்த் துறையில் இறங்கினபோது வெளிச்சம் இருந்தது. துறையிலிருந்து வீடு வரைக்கும் நான் ஒரு பொய்யைத் தட்டித் தட்டி உருவாக்கிக்கொண்டே போனேன். வாய்க்காலில் வழுக்கிவிட்டது, அதனால்தான் வேட்டி நனைந்தது என்று. அந்தம்மா கதவைத் திறந்தார். மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எருமைத்தோல் வாடை அவருக்குத் தெரியாததா? பரிசலில் போய்த் திரும்பாமல்போனவரின் துணியில் பலமுறை முகர்ந்திருப்பார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ராவுத்தன் சொன்னான். "அம்மா, ஆத்துல போனோம். தண்ணி வந்துருச்சு. முழங்கால் வரைக்கும் வந்துச்சு. பாறைல நின்னேன். இவன் என்னைய உட்டுட்டுப் போகல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "என்ன பாறை?" என்றார்.

அவன் சொன்னான். கோடுகளைச் சொன்னான். அத்தாவை எடுத்துப் போன வெள்ளத்தின் கோட்டைத் தொட்டதைச் சொன்னான்.

"எவ்வளவு ஒசரம்?"

அவன் கதவு நிலைக்கு மேலே கையைக் காட்டினான். போதவில்லை. ஓட்டுக் கூரையின் விளிம்பைக் காட்டினான். "அதுக்கும் மேல" என்றான்.

அந்தம்மா அந்த விளிம்பைப் பார்த்தபடி நின்றார். "அவ்வளவு தண்ணில, மூட்டைய அவுத்திருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாரு" என்றார். இத்தனை வருஷமாக அவர் மனசுக்குள் அந்தக் கயிறு அவிழாமலே கிடந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். வையப் போகிறார் என்று நின்றேன்.

"நீ சொன்ன கணக்கு தப்பல. முழங்கால்தான். ஆனா உன் கையடிய இனிமே நான் வாங்க மாட்டேன்" என்றார். "நாளைக்குக் காத்தால இவன வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போ. கழுத்துத் தண்ணில எறக்கு."

"எறக்கறனுங்கம்மா" என்றேன். அவர் சத்தியம் கேட்கவில்லை.

மறுநாள் கூட்டிப் போனேன். பரிசல்காரனும் வந்தான், வாய்க்கால் நீச்சல் தெரிந்தவன் சொல்லிக்கொடுத்தால் பையன் வாய்க்காலில்தான் மிதப்பான் என்றான். அந்தம்மாவும் வந்தார், வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு. மகன் தண்ணீரில் இறங்கினதும் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கரையோரத்து வாழைத் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றார். ராவுத்தன் தண்ணீர் குடித்தான், இருமினான், எங்கள் இருவரையும் வாய்க்கு வந்தபடி ஏசினான். அவன் ஏசுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் அவர் அசையாமல் நிற்பார். சத்தம் சற்று நின்றால் உடனே கேட்பார்:

"என்ன பண்றான்?"

"முழுகி எந்திரிக்கறானுங்கம்மா" என்பேன். அதற்குள் அவன் எழுந்து, மறுபடி ஏச ஆரம்பிப்பான்.